ஆம்புலன்ஸ்ல பின்னாடி யாரு?

எங்க தெருவுல போன வாரம் நடந்ததை எழுதியே ஆகணும். பாதி சந்தோஷம், பாதி கோவம். ரெண்டும் ஒரே சம்பவத்துல வந்தது.

தெருமுனையில மளிகைக் கடை வச்சிருக்கிற அக்காவுக்கு, காலையில கடை திறந்த கொஞ்ச நேரத்துல நெஞ்சுவலி. வேர்த்துக் கொட்டுது. இடது கை கனக்குதுன்னு சொல்றாங்க. யாரோ ஒரு புண்ணியவான் உடனே 108-க்குப் போன் போட்டுட்டாரு. வண்டியும் வந்துடுச்சு. (பெரம்பூர்ல மெட்ரோ வேலைக்காக அடைச்சு வச்சிருக்கிற ரோட்டையெல்லாம் சுத்திக்கிட்டு வந்தது. அந்த டிரைவருக்கு ஒரு பெரிய கும்பிடு.)

பின்கதவு திறந்துச்சு. ஒரு பொண்ணு இறங்கினாங்க. இருபத்தஞ்சு வயசுக்குள்ளதான் இருக்கும்.

அக்காவை அள்ளிப் போட்டுக்கிட்டுப் பறக்கல. எதிர்ல முட்டி போட்டு உக்காந்தாங்க.

"வலி எப்பம்மா ஆரம்பிச்சுது? சுகர், பிரஷர் இருக்கா? ஏதாவது மாத்திரை சாப்பிட்டா ஒத்துக்காதா? வயித்துல புண்ணு கிண்ணு?"

கேட்டுக்கிட்டே விரல்ல கிளிப்பை மாட்டியாச்சு, கையில பிரஷர் பட்டை சுத்தியாச்சு. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு கன்ட்ரோல் ரூம் டாக்டர்கிட்ட நம்பர் நம்பரா சொல்றாங்க. அவர் ஏதோ சொல்லியிருக்கணும், ஒரு மாத்திரையைப் பிரிச்சு அக்கா கையில வச்சாங்க. "முழுங்காதீங்கம்மா, நல்லா மென்னுடுங்க." அக்கா பழக்கதோஷத்துல எழுந்து தானே நடந்து வரேன்னு கிளம்பினாங்க. "ஒரு அடி கூட வைக்கக் கூடாது"ன்னு உக்கார வச்சு, ஸ்ட்ரெச்சரைக் கிட்ட கொண்டுவரச் சொன்னாங்க.

இதெல்லாம் சில நிமிஷம்தான்.

அதுக்குள்ள சுத்தி நின்ன கூட்டம் போட்ட சத்தம் இருக்கே! "எம்மா, என்ன ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்க? வண்டியை எடும்மா!" "பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமுக்குத் தூக்கிட்டு ஓடியிருந்தாலே போய்ச் சேர்ந்திருக்கலாம்." ஒருத்தர் வீடியோ எடுத்தாரு. சாயங்காலம் அது தெரு வாட்ஸ்அப் குரூப்புல வந்துடுச்சு. மேல எழுதியிருந்தது: 'வந்தும் கிளம்பாமல் நேரம் கடத்தும் 108 ஊழியர்'.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

(அக்கா நல்லா இருக்காங்க, அதை முதல்ல சொல்லிடறேன். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில ஸ்டென்ட் வச்சு வீட்டுக்கு வந்தாச்சு. கடையில இப்ப பையன் உக்காந்திருக்கான். பாக்கி கேக்கறதுல அம்மாவை விடக் கறாரு.)

ஆம்புலன்ஸ்னா நமக்கு ரெண்டே கேள்விதான். எவ்வளவு சீக்கிரம் வந்துச்சு? எவ்வளவு சீக்கிரம் கிளம்புச்சு? சைரன், வேகம், சிக்னல்ல ஒதுங்கி வழிவிட்ட ஜனங்க, அதுக்கு ஒரு சோகப் பாட்டு போட்டு ஷேர் பண்ற வீடியோ. எல்லாமே வண்டியோட முன்பக்கத்துக் கதை. நோயாளி படுத்திருக்கிறது பின்பக்கம். அங்க யாரு இருக்காங்க, அவங்களுக்கு என்ன தெரியும், கையில என்ன இருக்கு? இதைத்தான் நாம கேக்கறதே இல்ல.

அன்னைக்கு மெல்லச் சொன்ன மாத்திரை ஆஸ்பிரினாத்தான் இருக்கணும். மாரடைப்புல இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்குது. ஆஸ்பிரின் அந்தக் கட்டி மேற்கொண்டு பெருசாகாமப் பாத்துக்கும். மென்னா சீக்கிரம் ரத்தத்துல சேரும். (நீங்களா யாருக்கும் எடுத்துக் கொடுத்துடாதீங்க. வயித்துப் புண்ணு இருக்கிறவங்களுக்கு, ஒவ்வாமை இருக்கிறவங்களுக்கு ஆபத்து. அதுக்குத்தான் அந்தப் பொண்ணு அத்தனை கேள்வி கேட்டாங்க.) நடக்க விடாததும் காரணத்தோடதான். ரத்தம் கிடைக்காம திணறிக்கிட்டிருக்கிற இதயத்துக்கு நடை கூடுதல் சுமை. கூட்டம் 'ஆராய்ச்சி'ன்னு சொன்னது மொத்தமும் வைத்தியம். ஆஸ்பத்திரியில ஆரம்பிக்க வேண்டியது கடை வாசல்லயே ஆரம்பிச்சுடுச்சு.

அப்புறம் அந்த நர்சிங் ஹோம். கிட்டதான், ஒத்துக்கறேன். ஆனா அடைப்பை எடுக்கற கேத் லேப் அங்க இல்ல. அங்க போய் ஒரு ஈசிஜி எடுத்து, "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க"ன்னு எழுதி வாங்கி, இன்னொரு வண்டி தேடிப் புடிச்சு... அந்த நேரமெல்லாம் இதயத் தசை செத்துக்கிட்டே இருக்கும். கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரியா, சரியான ஆஸ்பத்திரியான்னு முடிவு பண்றதும் பின்பக்கம் இருக்கிறவங்க வேலைதான்.

இதை நம்ம மாநிலத்துலயே சோதிச்சுப் பாத்திருக்காங்க. கோயம்புத்தூர் இதய மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் அவர் கூட்டாளிகளும் 2012-லேருந்து 2014 வரைக்கும் பண்ண ஆய்வு. சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோட கோத்தாங்க. 108 வண்டியையும் அதுக்குள்ள கொண்டு வந்தாங்க. நோயாளி வர்றதுக்கு முன்னாடியே ஈசிஜி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடும். மொத்தம் 2,420 மாரடைப்பு நோயாளிகள். இந்த ஏற்பாட்டுக்கு முன்னாடி, மாரடைப்பு வந்து ஒரு வருஷத்துக்குள்ள இறந்தவங்க 17.6 சதவீதம். அப்புறம் 14.2 சதவீதம். புதுசா மருந்து ஏதும் கண்டுபுடிக்கல. ஆளு, வண்டி, ஆஸ்பத்திரி மூணையும் ஒழுங்கா கோத்தாங்க, அவ்வளவுதான்.

சரி, கொஞ்சம் வெளியூர் கதை. ரொம்ப நாளா சொல்லணும்னு வச்சிருக்கேன்.

1960-கள்ல அமெரிக்காவுலயே பேருக்குத்தான் ஆம்புலன்ஸ், பல ஊர்ல ஓட்டினது சவ அடக்கம் பண்ற கம்பெனிங்க! மனுஷனைப் படுக்க வச்சுக் கொண்டுபோற நீளத்துக்கு அவங்ககிட்டதான் வண்டி இருந்துச்சு. பிட்ஸ்பர்க் நகரத்துல போலீஸ் வேன்ல ஏத்திக்கிட்டுப் போவாங்க. பின்னாடி நோயாளி தனியா உருண்டுக்கிட்டுக் கிடப்பாரு, போலீஸ்காரங்க முன்னாடி உக்காந்திருப்பாங்க. பீட்டர் சஃபார்னு ஒரு மயக்க மருத்துவர், நெஞ்சை அழுத்தி உயிர் காக்கிற சிபிஆர் முறையை உருவாக்கினவங்கள்ல முக்கியமானவர். இப்படியே விடக் கூடாதுன்னு 1967-ல 'ஃப்ரீடம் ஹவுஸ்'ங்கிற அமைப்போட சேர்ந்து ஒரு ஆம்புலன்ஸ் சேவை ஆரம்பிச்சாரு. ஆள் எடுத்தது எங்கேருந்து தெரியுமா? ஹில் டிஸ்ட்ரிக்ட்ங்கிற ஏழைக் கறுப்பினக் குடியிருப்புலேருந்து. வேலை இல்லாத இளைஞர்கள், சிலர் பள்ளிப்படிப்பே முடிக்காதவங்க. அவங்களுக்கு உடற்கூறு, மூச்சுக்குழாய், இதயம், ரத்தப்போக்குன்னு மாசக்கணக்குல சொல்லிக் கொடுத்தாங்க. அப்புறம் நான்சி கரோலின்ங்கிற டாக்டர் வந்து சேர்ந்து, அங்க கத்துக்கிட்டதை வச்சு அமெரிக்கா முழுக்கப் பாராமெடிக்குகளுக்கான பாடத்திட்டத்தையே எழுதினாங்க. 1975-ல நகராட்சி அந்தச் சேவையை மூடிட்டு, தன் சொந்தச் சேவையை ஆரம்பிச்சுது. பழைய ஆளுங்க பலர் ஓரங்கட்டப்பட்டாங்க. படிக்கும்போது மனசு கொதிக்கும்.

அந்த ஊர் ஆம்புலன்ஸைத் திருத்தினது வேகமான எஞ்சின் இல்ல. பின்னாடி உக்காந்த படிச்ச ஆளு.

இப்ப நம்ம ஊரு. 108 சேவை 2005 ஆகஸ்ட் 15 அன்னைக்கு ஹைதராபாத்துல ஆரம்பிச்சு, 2008 செப்டம்பர்ல தமிழ்நாட்டுக்கு வந்தது. அதுக்கு முன்னாடி என்ன பண்ணோம்னு வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க. ஆட்டோ, டாக்ஸி, போலீஸ் ஜீப்பு, மீன்பாடி வண்டி கூட. ஆக்சிடென்ட் ஆனவரை ரெண்டு பேரு கையையும் காலையும் புடிச்சு, முதுகை மடக்கி ஆட்டோவுக்குள்ள திணிச்சதை நானே சின்ன வயசுல பாத்திருக்கேன். முதுகெலும்பு முறிஞ்சவருக்கு அந்தத் தூக்கலே கால் ரெண்டையும் பறிச்சுடும்னு அப்ப யாருக்குத் தெரியும்?

இன்னைக்கு ஒரு நம்பர் போட்டா தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துல இருக்கிற கட்டுப்பாட்டு அறையில எடுக்கறாங்க. காசு கிடையாது. பின்னாடி பயிற்சி எடுத்த ஒரு இஎம்டி (அவசர மருத்துவ டெக்னீஷியன்). அவங்களுக்குப் போன்ல வழிகாட்ட ஒரு டாக்டர். சந்துபொந்துல நுழையறதுக்கு 2016-லேருந்து சென்னையில பைக் ஆம்புலன்ஸும் ஓடுது. ரோட்டு விபத்துன்னா 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச 'இன்னுயிர் காப்போம்' திட்டத்துல முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை, எந்த மாநிலத்துக்காரரா இருந்தாலும். ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே தகவல் சொல்ற ஏற்பாடு, வந்ததும் நோயாளிங்களை நிலைமைக்குத் தக்கபடி சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு பிரிக்கிற ஏற்பாடு எல்லாம் இருக்கு. இதை லேசா நினைச்சுடாதீங்க. பெரிய விஷயம். மனசார சொல்றேன்.

எங்க உதைக்குதுன்னும் சொல்லணும் இல்லையா?

அக்கா விஷயம் முடிஞ்சதும், எங்க அப்பாவை நினைச்சு (எழுபது தாண்டியாச்சு, ஸ்டென்ட் இருக்கு) தனியார் ஆம்புலன்ஸ் நம்பரெல்லாம் சேத்து ஒவ்வொண்ணா கூப்பிட்டேன். ஆஸ்பத்திரி வாசல்ல ஒட்டியிருப்பாங்களே, அந்த நம்பருங்க.

முதல்ல எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி: "பேஷண்ட்டா, பாடியா?"

ரெண்டுக்கும் ஒரே வண்டியான்னு கேட்டேன். "கழுவிட்டுத்தான் சார் எடுப்போம்."

பின்னாடி யாரு இருப்பாங்கன்னு கேட்டேன். "நீங்க உக்காரலாம் சார், நாலு பேரு தாராளமா உக்காரலாம்."

ஆக்சிஜன்? "இருக்கு சார், சிலிண்டர் ஃபுல்லா இருக்கு." அதை யாரு வைப்பாங்க? "டிரைவரே வச்சுட்டு வந்து வண்டி எடுத்துடுவாரு."

இன்னொரு இடத்துல, "ஐசியூ ஆம்புலன்ஸ்"னு அடிச்சுச் சொன்னாங்க. வென்டிலேட்டர் இருக்கான்னு கேட்டா, வேணும்னா ஏற்பாடு பண்ணலாம்னாங்க. எவ்வளவு ஆகும்னு கேட்டா, எந்த ஏரியா, எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டுட்டு வாய்க்கு வந்த தொகை.

எல்லாரும் அப்படின்னு சொல்ல மாட்டேன். ஒரு இடத்துல போன் எடுத்தவங்க என்னை எதிர்க்கேள்வி கேட்டாங்க. நோயாளிக்கு மூச்சு எப்படி, நினைவு இருக்கா, எந்த வண்டி தேவைப்படும்னு. சாதா வண்டியில டெக்னீஷியன், பெரிய வண்டியில நர்ஸோ டாக்டரோ வருவாங்க, மானிட்டரும் டீஃபிப்ரிலேட்டரும் இருக்கும், தொகை இவ்வளவுன்னு தெளிவா சொன்னாங்க. அந்த நம்பரைத்தான் ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்கேன், 108-க்குக் கீழ.

நம்ம நாட்டுல சட்டமே இல்லையான்னா, வண்டிக்குத் தரநிலை இருக்கு. ஏஐஎஸ்-125-ன்னு பேரு. நாலு வகையா பிரிச்சிருக்காங்க: முதலுதவியோட முதல்ல போய்ச் சேர்ற வண்டி, நோயாளியை இடம் மாத்தறதுக்கு மட்டும் உள்ள வண்டி, அடிப்படை உயிர்காப்பு வண்டி, உயர்நிலை உயிர்காப்பு வண்டி. உள்ள எவ்வளவு இடம் இருக்கணும், என்ன கருவி இருக்கணும்னு எல்லாம் எழுதி வச்சிருக்காங்க. ஆனா சைரன் வச்ச வேனைப் பாத்தா அது இந்த நாலுல எதுன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியல. வெளியே பெருசா எழுதணும்னு சொல்றேன். பஸ்ல 'டீலக்ஸ்', 'விரைவு'ன்னு எழுதறோம் இல்ல? உயிரைச் சுமந்து போற வண்டியில எழுத மாட்டோமா?

ஆளு விஷயம் இதை விடப் பெருசு. பிரிட்டன்ல பாராமெடிக் ஆகணும்னா மூணு வருஷப் பட்டப்படிப்பு. நம்ம 108 இஎம்டிக்கள் நர்சிங்கோ அறிவியல் பட்டமோ முடிச்சுட்டு, வாரக்கணக்குல பயிற்சி எடுத்து வர்றவங்க. ஷிஃப்ட் பன்னெண்டு மணி நேரம். அந்தப் பயிற்சியை வச்சுக்கிட்டே அன்னைக்கு அந்தப் பொண்ணு அவ்வளவு நிதானமா வேலை செஞ்சாங்கன்னா, இன்னும் ரெண்டு வருஷம் படிக்க வச்சு, எட்டு மணி நேர ஷிஃப்ட் கொடுத்து, சம்பளத்தையும் கூட்டினா எப்படி இருக்கும்! 2021-ல வந்த சுகாதாரத் தொழில்சார் பணியாளர்கள் சட்டத்துல அவசர மருத்துவ டெக்னாலஜிஸ்ட்டையும் சேத்திருக்காங்க. வழி திறந்திருக்கு. பதவி உயர்வு, உரிமம், தொடர் பயிற்சின்னு ஒரு முழுத் தொழிலா இதை ஆக்கணும். பத்து வருஷம் அனுபவம் உள்ள இஎம்டி, சலிச்சுப்போய் வேற வேலைக்குப் போயிட்டா நஷ்டம் யாருக்கு?

அடுத்தது, ஆஸ்பத்திரி வாசல். வண்டி போய் நின்னதும் வேலை முடியறதில்ல. படுக்கை காலி இல்லன்னா ஸ்ட்ரெச்சர் திரும்பக் கிடைக்காது. ஸ்ட்ரெச்சர் இல்லாம வண்டி அடுத்த அழைப்புக்குப் போக முடியாது. 2021 மே மாசம் கொரோனா சமயத்துல, சென்ட்ரல் எதிர்ல ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசல்ல ஆம்புலன்ஸுங்க வரிசை கட்டி நின்னதை எல்லாரும் டிவியில பாத்தோம். உள்ள ஆக்சிஜனோட நோயாளிங்க. அது பேரிடர் காலம், ஒத்துக்கறேன். ஆனா சாதாரண நாள்லயும் ஒப்படைக்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுங்கிறது ஒரு ஊரோட தரத்தைச் சொல்லிடும். பிரிட்டன்ல அதுக்கு 15 நிமிஷம்னு இலக்கு. (அங்கயும் தவறுது, மணிக்கணக்குல வண்டிங்க நிக்குது. ஆனா தவறுற கணக்கை மாசாமாசம் வெளியிடறாங்க.) நம்ம ஊர்லயும் அப்படி வெளியிடணும். எத்தனை நிமிஷத்துல வண்டி வந்துச்சுன்னு மட்டும் சொன்னாப் போதாது. எத்தனை நெஞ்சுவலிக்காரங்களுக்கு வண்டியிலேயே ஈசிஜி எடுத்தாங்க, பக்கவாதம் வந்தவங்கள்ல எத்தனை பேரை நாலரை மணி நேரத்துக்குள்ள கட்டியைக் கரைக்கிற ஊசி போடற இடத்துக்குக் கொண்டு சேர்த்தாங்க, இதயம் நின்னவங்கள்ல எத்தனை பேரு பொழைச்சு வீட்டுக்குப் போனாங்க? இந்தக் கணக்கு என் கைக்கு வந்தா, சென்னை தேறுச்சா இல்லையான்னு நானே சொல்லிடுவேன்.

இதயம் நின்னவங்கன்னதும், நம்ம பங்கு வந்துடுது.

இதயத் துடிப்பு நின்னு போச்சுன்னா, யாரும் நெஞ்சை அழுத்தாத ஒவ்வொரு நிமிஷமும் பொழைக்கிற வாய்ப்பு 7-லேருந்து 10 சதவீதம் குறையுது. இங்கிலாந்துல மிக அவசர அழைப்புக்கு வண்டி சராசரியா 7 நிமிஷத்துல போகணும்னு வச்சிருக்காங்க. அந்த இலக்கை அப்படியே எட்டினாக்கூட, ஏழு நிமிஷமும் சுத்தி நின்னு வேடிக்கை பாத்தா கிட்டத்தட்ட பாதி வாய்ப்போ, அதுக்கு மேலயோ போயிடும். உலகத்துல எந்த ஆம்புலன்ஸும் பக்கத்து வீட்டுக்காரரை விடச் சீக்கிரம் வர முடியாது.

அதனால வீட்டுல சில சோதனை பண்ணிப் பாத்தோம்.

முதல்ல அட்ரஸ். வீட்டுல ஒவ்வொருத்தரையும் "இப்ப 108 எடுத்தாச்சு, வழி சொல்லு"ன்னு கேட்டேன். அம்மா பிள்ளையார் கோயில்னாங்க. (சென்னையில எத்தனை பிள்ளையார் கோயில் தெரு!) தம்பி எப்பவோ மூடின பெட்ரோல் பங்கைச் சொன்னான். அப்பா பஸ் ஸ்டாப்புலேருந்து ஆரம்பிச்சாரு. கடைசியில ஏரியா, மெயின் ரோடு, எந்தப் பக்கம் திரும்பணும், கேட்டோட நிறம்னு நாலு வரி எழுதி வாசக் கதவு உள்பக்கம் ஒட்டியாச்சு. வேலைக்கு வர்ற அக்காவும் படிக்கிற மாதிரி பெரிய எழுத்துல.

அடுத்தது லிஃப்ட். ஸ்ட்ரெச்சர் நீளத்துக்கு ஒரு மடக்குக் கட்டிலை எடுத்து நுழைச்சுப் பாத்தோம். கதவு சாத்தல. படியில இறக்கிப் பாத்தோம், ரெண்டாவது மாடித் திருப்பத்துல சிக்கிக்கிச்சு. பிளாஸ்டிக் நாற்காலியில தம்பியை உக்கார வச்சுத் தூக்கினா நாற்காலி கால் வளையுது. கைப்புடி வச்ச மரநாற்காலி தேறுச்சு, ஆனா தூக்கறவங்களுக்கு மூச்சு வாங்குது. படியில இறக்கறதுக்குன்னே சக்கரம் வச்ச மடக்கு நாற்காலி இருக்கு, அதை வாங்கணும்னு குடியிருப்போர் சங்கத்துல எழுதிக் கொடுத்திருக்கோம். ராத்திரி கேட் சாவி வாட்ச்மேன் அண்ணன்கிட்ட ஒண்ணு, முதல் மாடி வீட்டுல ஒண்ணுன்னு முடிவாச்சு. கேட்டுக்கு நேரா பைக் நிறுத்தறதை விடணும்னு சொல்லி சண்டையும் போட்டாச்சு.

அப்புறம் சிபிஆர். மார்புக்கு நடுவுல, அஞ்சு சென்டிமீட்டர் ஆழம், நிமிஷத்துக்கு 100-லேருந்து 120 தடவை. படிக்கறதுக்கு ஒரு வரி. பொம்மை மேல அழுத்திப் பாருங்க, ரெண்டே நிமிஷத்துல கை நடுங்கும். அதனாலதான் ஆள் மாத்தி ஆள் செய்யணும், ஒரு வீட்டுல ஒருத்தர் கத்துக்கிட்டாப் போதாது.

வர்ற ஞாயித்துக்கிழமை எங்க குடியிருப்பு மொட்டை மாடியில காலை ஏழு மணிக்குப் பயிற்சி. ஒரு அவசர சிகிச்சை நர்ஸ் வந்து சொல்லித் தராங்க, பொம்மையும் கொண்டு வராங்க. முட்டி போட்டு உக்காரணும், அதுக்குத் தோதா டிரெஸ் போட்டுக்கிட்டு வாங்க. பத்தாம் கிளாஸ் பசங்களையும் கூட்டிட்டு வாங்க, அவங்க நம்மளை விடச் சீக்கிரம் புடிச்சுக்கறாங்க. வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சுடலாம். காபி எங்க வீட்டுல.